வேலியில்லாத வாசலில் மூன்று நாட்கள்

என் சித்தியின் வலது கட்டைவிரல் தூக்கத்திலும் அசையும். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, "கனவுல வண்டி வந்துடுச்சு போல" என்பார். அவர் நகரப் பேருந்தில் கண்டக்டர். சித்திக்கு ரயில் நிலையத்தில் ஆட்களை எண்ணும் வேலை.

அப்படி ஒரு வேலை இருக்கிறது என்றால் பலர் நம்புவதில்லை. "எண்ணுறதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று கேட்பார்கள்.

"எண்ணாம விட்டா உங்களுக்கு எத்தனை பெட்டி மாட்டணும்னு யாருக்குத் தெரியும்?" என்று சித்தி திருப்பிக் கேட்பாள்.

எந்த நிலையத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று ரயில்வே ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. விற்ற டிக்கெட்டை வைத்துப் பாதி தெரியும். மீதியைத் தெரிந்துகொள்ள, ஒரு ஒப்பந்த நிறுவனம் நிலையங்களின் வாசல்களில் ஆட்களை உட்கார வைக்கும். கடைசியில் ஒரு பட்டியல் வெளியாகும். பத்திரிகைகள் அதில் முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டும் எடுத்துப் போடும். நடுவில் இருக்கும் நிலையங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சித்தி பல வருடங்கள் முதல் பெயரில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு நடைமேடைகள் உள்ள பெரிய நிலையம், அதன் மூன்றாவது வாசல். அவளிடம் கேட்பதற்கு எனக்கு எப்போதும் கேள்விகள் இருந்தன. அத்தனை கூட்டத்தில் ஒரு தலையைக்கூட விடாமல் எப்படி எண்ண முடியும்?

"தலையைப் பாத்தா தலை சுத்தும். நான் காலைத்தான் பாப்பேன்" என்றாள்.

வாசலுக்கு நேரே இரண்டு தரைக்கற்கள் சேரும் கோடு ஒன்று உண்டு. அந்தக் கோட்டை ஒரு ஜோடிக் கால் உள்ளே தாண்டினால் வலது கையிலிருக்கும் கிளிக்கரை, அழுத்தினால் ஒன்று கூட்டும் சிறிய கருவியை, ஒருமுறை அழுத்துவாள். வெளியே தாண்டினால் இடது கையில் இருப்பதை. குடையை மறந்துவிட்டுப் போய் எடுத்து வருபவருக்கு இரண்டு கையும் வேலை செய்யும். இடுப்பில் இருக்கும் குழந்தைக்குக் கணக்கில்லை. அது இறங்கி ஓடித் தானாகக் கோட்டைத் தாண்டினால் கணக்கு. ஒருமுறை பீரோ கடைக்காரர்கள் இரண்டு பேர் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கண்ணாடிக்குள் நடந்த கால்களையும் சேர்த்து நான்கு அழுத்திவிட்டு, பிறகு இரண்டைக் கழிக்க வேண்டியதாயிற்று.

"உங்கள யாராவது கவனிப்பாங்களா சித்தி?"

"என்னையா? ஒரு நாள் ஒருத்தர் போன்ல பேசிக்கிட்டே வந்து, குடையை என் நாற்காலி முதுகுல மாட்டிட்டு, பேசி முடிச்சதும் எடுத்துட்டுப் போனாரு. நாற்காலியில ஆள் இருக்குன்னே அவருக்குத் தெரியல."

அதில் அவளுக்கு வருத்தம் இல்லை, பெருமைதான். எண்ணுபவர் யார் கண்ணிலும் படக்கூடாது என்பாள்.

கட்டைவிரல் வீங்கிய வருடம்தான் அவளை மற்ற கோடிக்கு அனுப்பினார்கள். விரலுக்கு ஓய்வு தரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளைவிட வயதில் சிறியவரான சூப்பர்வைசர், நல்லது செய்வதாக நினைத்து, பட்டியலின் கடைசி நிலையத்தை ஒதுக்கிக் கொடுத்தார். எண்ணுகிறவர்கள் அடித்துப்பிடித்துக் கேட்கும் இடம் அது. போனவர்கள் எல்லோரும் பூஜ்யம் எழுதிக்கொண்டு, ஒரு நாவலையும் முடித்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள்.

"மூணே நாள்க்கா. அழுத்தவே வேணாம், ஜாலியா உக்காந்துட்டு வாங்க" என்றார் சூப்பர்வைசர். "இந்த வருஷமும் பூஜ்யம்னா அங்க வண்டி நிக்கறத நிறுத்திடுவாங்க. சும்மா ஒரு சம்பிரதாயம்."

சித்தி இதை எங்களிடம் சொன்னபோது, சித்தப்பா, "கூட்டத்துக்குன்னே பொறந்தவ. அங்க போயி கொசுவ எண்ணிட்டு வரப்போற" என்றார்.

*

அது ஒரு கண்ணாடித் தொழிற்சாலைக்காகக் கட்டிய நிலையம். தொழிற்சாலை மூடி வெகுநாள் ஆகிவிட்டது. டிக்கெட் அறையின் ஜன்னலைப் பலகை வைத்து அடித்திருந்தார்கள். நடைமேடையைச் சுற்றி இருந்த வேலியை யார் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட, இரும்பு வாசல் மட்டும் வெட்டவெளியில் தனியாக நின்றது. எண்ணுபவர் வாசலில் உட்கார வேண்டும் என்பது விதி. அதனால் முன்னால் வந்தவர்கள் எல்லோரும் அந்த வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சித்தியும் நாற்காலியைப் போட்டு, தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து, நிறுவனம் கொடுத்த பளிச்சென்ற பச்சை மேல்கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நகரத்துக்குப் போகும் காலை வண்டி வரும் நேரம். தூரத்தில் ஒரு மனிதர் சாப்பாட்டுப் பையுடன் வந்தார். சித்தியைப் பார்த்ததும் நின்றார். செருப்பைக் கழற்றி, அதில் இல்லாத கல்லை உதறி, மறுபடி மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டார். அடுத்து இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே வந்தார்கள், பேச்சு பாதியில் நின்றது, அவர்களும் திரும்பினார்கள். வண்டி வந்து நின்று, யாரையும் ஏற்றாமல் போயிற்று.

சித்தியின் வாழ்க்கையில் அப்படி ஒரு காலை வந்ததில்லை. கிளிக்கரில் நான்கு பூஜ்யங்களும் அப்படியே இருந்தன. வேறு யாராக இருந்தாலும் நாவலை எடுத்திருப்பார்கள். இவளுக்கு உட்காரப் பொறுக்கவில்லை. வண்டி இல்லாத நேரத்தில் எழுந்து சுற்றி வந்தாள்.

நடைமேடையில் இருந்த ஒரே பெஞ்சில் நடுப்பகுதி பெயின்ட் தேய்ந்து மரம் வழவழவென்று இருந்தது. யாரும் உட்காராத பெஞ்சு எப்படித் தேயும்? நடைமேடை சரிந்து தரையைத் தொடும் கோடியிலிருந்து புல்லுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்று தெளிவாக ஓடியது. பயணிகளே இல்லாத ஊரில் அந்தப் பாதையைப் போட்டது எந்தக் கால்?

சாயங்காலம் நகரத்திலிருந்து வண்டி வந்தது. சித்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்போது புல்லுக்குள்ளிருந்து ஆறு ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று எழுந்து, நடைமேடைப் பக்கமாக ஓடிக்கொண்டே கத்தியது:

"அம்மா! செக்கர் இங்கதான் இருக்கு! அந்தப் பக்கம் குதிச்சுடு!"

வண்டி நகர்ந்தபோது, தண்டவாளத்தின் மறுபக்கத்தில் ஒரு பெண் கையில் செருப்பும் தோளில் பையுமாக நின்றிருந்தாள். அவளும் சித்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எண்ணும் நேரத்தில் பயணிகளிடம் பேசக்கூடாது. அன்றைய எண்ணிக்கை அந்த வண்டியோடு முடிந்துவிட்டதால், சித்தி கிளிக்கர்களைப் பையில் போட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.

"நான் டிக்கெட் செக்கர் இல்லம்மா. பாத்து வா, கல்லு குத்திடப் போகுது."

"செக்கர் இல்லன்னா எதுக்குக்கா கோட்டு? எதுக்கு கேட்ல உக்காந்து கையில மெஷினு?"

"எண்ணுறதுக்கு. எத்தனை பேர் வர்றாங்கன்னு."

"எங்களப் பயமுறுத்தி ஓட வெச்சுட்டு, அப்புறம் எண்ணுவீங்களா? நல்ல கதையா இருக்கே!"

அவள் நகரத்து ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்தாள். அன்று காலை திரும்பிப்போன இரண்டு பெண்களில் ஒருத்தி அவள்தான். மெயின் ரோடு வரை நடந்து, பேருந்து மாறி, ஷிஃப்டுக்கு நேரம் தாண்டித்தான் போய்ச் சேர்ந்திருந்தாள். விஷயத்தை மெல்ல மெல்லச் சொன்னாள். இங்கே டிக்கெட் கொடுக்க ஆளில்லை. எல்லோரும் அடுத்த ஜங்ஷனில் இறங்கி, ஓடிப்போய் டிக்கெட் வாங்கி, அதே வண்டியில் ஏறிக்கொள்வார்கள். திரும்பும்போது நகரத்தில் ஜங்ஷன் வரைக்கும்தான் டிக்கெட் கொடுப்பார்கள். கடைசித் துண்டுக்கு மட்டும் யாரிடமும் எதுவும் இருக்காது. வருடத்துக்கு ஒருமுறை ஒரு 'செக்கர்' வந்து மூன்று நாள் வாசலில் உட்காருவார். அந்த மூன்று நாளும் ஊரே பேருந்தில் போகும்.

சித்திக்குச் சிரிப்பு வந்தது, கூடவே சூப்பர்வைசர் சொன்னதும் ஞாபகம் வந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இந்தத் தடவையும் யாரும் வரலன்னா, இனிமே வண்டி இங்க நிக்காது."

அந்தப் பெண் செருப்பைக் கீழே போட்டாள். குழந்தையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"பஸ்ல போனா தினம் லேட்டுதான்க்கா. தினம் லேட்டானா வேலையில வெச்சுப்பாங்களா? அங்கயே லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கச் சொல்றாங்க. இவளை எங்க விடுவேன்? மாமனாருக்கு அவர் மருந்த எடுத்துக்கவே ஞாபகம் இருக்காது."

"நாளைக்கு வழக்கம்போல வா. மத்தவங்ககிட்டயும் சொல்லு, பயப்பட வேணாம்னு."

இரவு சாப்பிடும்போது சித்தி இதையெல்லாம் சொல்ல, சித்தப்பா கையைத் தட்டில் வைத்துக்கொண்டே சிரித்தார்.

"டிக்கெட் இல்லாதவனுக்கு நாலு தெரு தள்ளியே செக்கர் வாசனை அடிக்கும். நீ பச்சைக் கோட்டு மாட்டிக்கிட்டுப் போய் கேட்லயே உக்காந்திருக்க. சரி, வண்டி நிக்காதுன்னு வேற சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"போச்சு. நாளைக்கு ஊரே வரும் பாரு."

*

ஊரே வந்தது. சித்தி போய்ச் சேர்ந்தபோது வாசலுக்கு முன்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. இடப்பக்கமும் வலப்பக்கமும் வெட்டவெளி. ஆனால் எல்லோரும் அந்த ஒற்றை இரும்பு வாசலுக்குள் நுழைவதற்காக வரிசையில் நின்றார்கள். சலூன்காரர் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். ஓய்வுபெற்ற தொழிற்சாலைக் காவலாளி இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். அவர்தான் குழந்தையின் தாத்தா, மருந்தை மறக்கிறவர். கட்டிலை விட்டு எழுந்தே பல மாதம் ஆன ஒரு கிழவரை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள்.

"இவரு எங்க போறாரு?" என்று சித்தி கேட்கவில்லை, கேட்கக்கூடாது. அவராகவே சொன்னார்: "ஜங்ஷன் வரைக்கும். ஒரு வாய் டீ குடிச்சுட்டு வந்துடுவேன்."

கோட்டைத் தாண்டிய கால்கள் அத்தனைக்கும் சித்தி அழுத்தினாள். தாண்டினால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான் அவள் வேலை. ஆனால் மதிய வண்டியில் ஜங்ஷனிலிருந்து திரும்பி வந்தவர்கள் இறங்கி, வாசலைத் தாண்டி வெளியே போய், சுற்றிக்கொண்டு வந்து மறுபடி உள்ளே போனார்கள். நெட்டையான ஒருவன் முதலில் தொப்பியோடு வந்தான், அடுத்தமுறை தொப்பியில்லாமல், மூன்றாவது முறை துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு. தலையைத்தான் மாற்றினான். வார் அறுந்து செம்புக் கம்பியால் கட்டிய நீலச் செருப்பை மாற்றவில்லை. சித்தி பார்ப்பதோ கால்களை.

"நல்லா அழுத்தும்மா!" என்று உற்சாகப்படுத்தினார் சலூன்காரர். "கை வலிச்சா சொல்லு, நான் அழுத்துறேன்."

சாயங்காலம் எண்ணிக்கையை அனுப்பியதும் சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, கிளிக்கர் ரிப்பேரா?"

"கிளிக்கர் நல்லாத்தான் இருக்கு. ஊருதான் ரிப்பேர்."

சித்தி நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் நீண்ட மூச்சு கேட்டது.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? நேத்து பூஜ்யம், இன்னைக்கு இவ்வளவு. மேல பாத்தா ஆள் செட் பண்ணிருக்காங்கன்னுதான் நெனப்பாங்க. ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டு, நாளைக்கு வர்றத மட்டும்தான் பாப்பாங்க. நாளைக்கும் இதே கூத்துன்னா, மூணும் செல்லாது. ஸ்டேஷன மூடிட்டுப் போயிடுவாங்க."

சாயங்கால வண்டியில் வேலையிலிருந்து வந்த வெளுக்கும் பிரிவுப் பெண் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அன்று அவள் நடைமேடைப் பக்கமாகவே இறங்கியிருந்தாள். அவளிடம் சித்தி, "நாளைக்கு வேலை இருக்கறவங்க மட்டும் வரட்டும்" என்றாள்.

"ஊர் வாயையே மூட முடியாது, ஊர் காலைக் கட்ட முடியுமாக்கா? தெக்குத் தெருவுல நாளைக்குப் பாட்டி, பேத்தி எல்லாரையும் கூட்டிட்டு வரப்போறாங்களாம்."

அன்றிரவு சித்தி சரியாகச் சாப்பிடவில்லை. அவள் கவலை எனக்கு அப்போது விநோதமாகப் பட்டது. தினமும் ஆயிரக்கணக்கில் ஆட்களைப் பார்த்து, ஒருவர் முகத்தையும் வீட்டுக்குக் கொண்டுவராதவள் அவள். "அங்க காலைப் பாத்தாலே யாருன்னு தெரியுதுடி. தெரிஞ்ச ஆளை எண்ணுறது கஷ்டம்" என்றாள்.

*

மூன்றாம் நாள் விடியும்போதே மழை கொட்டியது. தெற்குத் தெரு வரவில்லை. சலூன்காரர் வரவில்லை. டீ குடிக்கும் கிழவரின் நாற்காலி வரவில்லை. சித்தி குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். சாக்பீஸ் கோடு கரைந்து ஓடிவிட்டது. முதல் நாள் போல இன்றைக்கும் பூஜ்யம்தானோ என்று பயமாக இருந்தது.

வண்டியின் ஊதல் தூரத்தில் கேட்டபோதுதான் கவனித்தாள். நடைமேடையின் சரிந்த கோடியில் குடைகள். புல்லுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஆட்கள் வேகமாக வந்துகொண்டிருந்தார்கள். மழையில், அவசரத்தில், யாருக்கும் வாசல் ஞாபகம் வரவில்லை. வழக்கமாக எப்படி வருவார்களோ அப்படி வந்தார்கள். வாசலைத் தாண்டாதவருக்குக் கணக்கில்லை.

எண்ணுபவர் கோட்டின் அருகே இருக்க வேண்டும் என்று விதியில் இருந்தது. கோடு எந்த இடத்தில் என்பதை வாசலைப் பார்த்து அவர்தான் முடிவு செய்வார். வேலி இல்லாத இடத்தில் வாசல் எது? ஆட்கள் நுழையும் இடம்தானே? சித்தி நாற்காலியை விட்டுவிட்டு ஓடினாள். அந்த வயதில் அவள் ஓடி நான் பார்த்ததில்லை; பார்க்காதது எனக்கு நஷ்டம். பாதை நடைமேடையில் ஏறும் இடத்தில் கோடு கிழிக்க முடியவில்லை, ஈரம். பச்சை மேல்கோட்டைக் கழற்றி, நீளவாக்கில் மடித்து, பாதைக்குக் குறுக்கே போட்டாள். பக்கத்தில் நனைந்துகொண்டே நின்றாள்.

முதலில் சாப்பாட்டுப் பைக்காரர் அதைத் தாண்டினார். அவர் அவளைப் பார்க்கவேயில்லை. பள்ளிச் சீருடையில் மூன்று பேர் குதித்துத் தாண்டினார்கள். நீலச் செருப்பு வந்தது, இந்தமுறை ஒரே ஒருமுறை. அவனுக்கும் ஜங்ஷனில் ஒரு பட்டறையில் வேலை இருந்தது. வெளுக்கும் பிரிவுப் பெண் வந்தாள். கோட்டு நனையக்கூடாதே என்று குனிந்து அதை எடுக்கப் போனாள்.

"தொடாத! தாண்டிப் போ!" என்று சித்தி கத்திவிட்டாள். எண்ணும் நேரத்தில் அவள் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

காலையில் பத்தொன்பது பேர். மதியத்தில் நான்கு. சாயங்காலம் அந்தப் பத்தொன்பது பேரும் இறங்கி, அதே பாதையில் போனார்கள். மேல்கோட்டு சேற்றுத் துணியாகிவிட்டது.

படிவத்தின் அடியில் குறிப்பு எழுத இரண்டு வரி இடம் உண்டு. அதை யாரும் நிரப்புவதில்லை. சித்தி எழுதினாள்: 'முதல் நாள் என்னைப் பார்த்துப் பயந்து வரவில்லை. இரண்டாம் நாள் எனக்காக வந்தார்கள். மூன்றாம் நாள் வண்டிக்காக வந்தார்கள். வாசல் பாதைக்கு மாற்றப்பட்டது.'

அலுவலகத்தில் அதன் மேல் பெரிய வாக்குவாதம் நடந்ததாம். வாசலை மாற்ற இவளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று ஒருவர் கேட்டாராம். போய்ப் பாருங்கள், அங்கே வேலியே இல்லை என்று சூப்பர்வைசர் சொன்னாராம். கடைசியில் ஒருவர் போய்ப் பார்த்தார். மதிய வண்டியை எடுத்துவிட்டு, காலையும் மாலையும் நிற்கட்டும் என்று முடிவாயிற்று. மேல்கோட்டுக்கு விளக்கம் கேட்டு மட்டும் சித்திக்குத் தனியாகக் கடிதம் வந்தது.

பட்டியல் வெளியானபோது நாங்கள் ஆவலாகப் பார்த்தோம். அந்த நிலையம் அப்போதும் கடைசியில்தான் இருந்தது.

"இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணியும் கடைசிதானா?" என்றார் சித்தப்பா.

"பட்டியல்ல இருக்குல்ல?" என்றாள் சித்தி.

அடுத்த வருடம் வெளுக்கும் பிரிவுப் பெண் போன் செய்தாள். மகள் பள்ளிக்கூட விழாவில் ஆடுகிறாள், வந்தே தீர வேண்டும் என்றாள். சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஜங்ஷன் வரைக்கும் டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கி மீதிக்கும் வாங்கி, அதே வண்டியில் ஓடி ஏறினோம். அந்தக் கடைசித் துண்டுக்கு டிக்கெட் கேட்டவர்களை டிக்கெட் கொடுத்தவர் அதிசயமாகப் பார்த்தார்.

இறங்கியபோது எண்ணும் நாட்கள் நடந்துகொண்டிருந்தது தெரிந்தது. இரும்பு வாசல் தனியாக நின்றது. பாதையின் கோடியில், மேல்கோட்டு இல்லாமல், சாதாரண உடையில் ஒரு பெண் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பாதைக்குக் குறுக்கே ஒரு கயிறு கிடந்தது. அவள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. சித்தி யாரென்று அவளுக்குத் தெரியாது, சித்தியும் சொல்லவில்லை.

சித்தி கயிற்றுக்கு முன்னால் ஒரு நொடி நின்றாள். புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்துத் தாண்டினாள்.

கிளிக்.

பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த சித்தியின் கட்டைவிரலும் கூடவே அசைந்தது.